அவன் அந்த வகுப்பில்தான் உட்காருவான்

ஆட்டிசம் உள்ள ஒரு பையனைப் பற்றி வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்த ஆடியோவை எனக்கு அனுப்புவதை நிறுத்துங்கள், கேட்டுவிட்டேன். "அந்தப் பையனால எங்க பிள்ளைங்க படிப்பு கெடுது, ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்லுங்க" என்று ஒருவர் பேச, கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அந்தப் பையனின் அம்மாவும் அதே வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறார். தெரிந்தேதான் பேசியிருக்கிறார்கள்.

அவன் அங்கே உட்கார உங்கள் அனுமதி தேவையில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதில் உண்டு. தேர்ந்தெடுப்பது அவன் வீடு. வாட்ஸ்அப் குழு அல்ல.

என் மகனுக்கும் ஆட்டிசம்தான். பெல் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு டெஸ்க்குக்கு அடியில் போய்விடுவான். அவனுடைய அரசுப் பள்ளி டீச்சர் அன்றைய பாடவேளைகளைப் படமாக வரைந்து டெஸ்க்கில் ஒட்டினார். கணக்குக்கு மணிச்சட்டம், சாப்பாட்டுக்குத் தட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு குட்டி மணி. பெல் எப்போது வரும் என்று தெரிந்ததும் பயம் குறைந்தது. எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளைகளும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த நோட்டை எடுத்தார்கள். யார் படிப்பு கெட்டது?

"ஒரே டீச்சர், நாற்பது பிள்ளைகள், என்ன செய்வார்?" நியாயம்தான். தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. இங்கே தொகுப்பூதியத்தில் ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓடுகிறார். அந்தக் கோபத்தை அரசிடமும் நிர்வாகத்திடமும் காட்டுங்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம் காட்டாதீர்கள்.

"அடிச்சிட்டா?" அடிக்கிற பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது டிசி கொடுக்கச் சொன்னார்களா?

வகுப்பையே கூப்பிட்ட ஒரு பிறந்தநாளுக்கு என் மகனை மட்டும் கூப்பிடவில்லை. "அவனுக்குக் கூட்டம் ஆகாதேன்னுதான்" என்றார்கள். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே? எங்களுக்கு எது ஆகும், ஆகாது என்று எப்போதும் நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள்.

அந்தப் பையனின் அம்மாவுக்கு: நீங்களாக டிசி வாங்காதீர்கள். பள்ளி சொல்வதை எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு எழுத நானும் உங்களோடு உட்காருகிறேன். இன்பாக்ஸில் வாருங்கள்.