வாஷருக்கு யாரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை

என் தங்கை மகன் போன வாரம் தொலைபேசியில் அழைத்தான். கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறான். ஆப்பிரிக்காவுக்கு இரண்டு வாரம் தன்னார்வலராகப் போகலாம் என்றிருக்கிறானாம். பணம் கட்டினால் போதும். தங்குமிடம், சாப்பாடு, கடைசியில் ஒரு சான்றிதழ், எல்லாம் அவர்கள் பொறுப்பு. "என்ன வேலைடா?" என்று கேட்டேன். "அங்கே போனபிறகு சொல்வார்களாம், மாமா" என்றான். சுருக்கென்று வந்த கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். வைத்துவிட்டான். மறுநாள் அவன் அம்மா அழைத்து, "நீங்கள் மட்டும் போகலாம், என் பிள்ளை போகக்கூடாதா அண்ணா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தொலைபேசியில் பதில் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

நான் போனது மலாவிக்கு. 2022 நடுவில் போய் இரண்டு வருடம் இருந்தேன். அதற்கு முன் முப்பது வருடம் கிராமக் குடிநீர் வேலை பார்த்தவன். அடிபம்பும் ஆழ்துளைக் கிணறும்தான் எனக்குச் சோறு போட்டன. ஓய்வு பெற்றபின் வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரே செய்தித்தாளை ஒரே நாளில் இரண்டாவது முறை படிக்கத் தொடங்கியிருந்த சமயத்தில், கைபம்பு தெரிந்த ஆள் தேவை என்று ஒரு தன்னார்வ அமைப்பின் அறிவிப்பைப் பழைய நண்பர் அனுப்பினார். "ஏன், உள்ளூரில் செய்ய வேலை இல்லையா?" என்று கேட்டவர்களுக்கு அன்று பெரிய பெரிய விளக்கங்கள் கொடுத்தேன். அத்தனையும் வேஷம். உள்ளூரில் என்னை யாரும் கூப்பிடவில்லை, அவர்கள் கூப்பிட்டார்கள், போனேன். ஊர் பார்க்கும் ஆசையும் இருந்தது.

டெட்சா மாவட்டத்தில் போட்டார்கள். தலைநகர் லிலாங்வேயிலிருந்து பிளாண்டயர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் மலையூர். ஏற்காட்டைவிடச் சற்று உயரம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஒரு ஸ்வெட்டர்கூட எடுத்துப் போகவில்லை. ஜூன் மாதக் குளிரில் முதல் வாரம் முழுவதும் வேட்டியை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

சாப்பாடு எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறும் ந்சிமாதான் அவர்களுடைய முக்கிய உணவு. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவனுக்கு அதில் நிறம் ஒன்றுதான் புதிது. உருட்டி, நடுவில் கட்டை விரலால் குழித்து, கீரையையோ உசிப்பா என்ற சின்ன ஏரி மீனையோ அள்ளிச் சாப்பிட வேண்டும். காய்ந்த உசிப்பா நம் நெத்திலிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஏரிக்கரைத் தாழ்நிலத்துக்கு இறங்கினால் புளிகூடக் கிடைக்கும், ப்வெம்பா என்பார்கள். அதைக் கரைத்து நான் வைத்த ரசத்தை பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்.

மொழிதான் என்னை முதலில் அங்கே உட்கார வைத்தது. சிச்சேவாவில் 'இவே' என்றால் நீ, 'இனு' என்றால் நீங்கள். பெரியவர்களைப் பன்மையில்தான் பேச வேண்டும். தெரியாமல் ஒருமையில் பேசிவிட்டால் முகத்தில் ஒரு நிழல் வந்துபோகும். நம் ஊர்க் கிழவர்கள் முகத்தில் வருமே, அதே நிழல். சந்தையில் சிறுவர்கள் என்னைப் பார்த்து 'ம்வென்யே' என்று கத்துவார்கள், இந்தியன் என்று பொருள். அங்கே தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் குஜராத்திகளைப் பார்த்துப் பழகிய சொல் அது. ஆறேழு மாதம் கழித்து, நரைத்த தலையை முன்னிட்டு, 'அகோகோ' ஆனேன். தாத்தா. தன்னார்வலர் என்ற சொல்லை அங்கே யாரும் எனக்குப் பயன்படுத்தியதாக நினைவில்லை.

இப்போது வேலைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அங்கே உள்ள பம்பின் பெயர் ஆஃப்ரிடெவ். நம் தெருக்களில் நின்ற இந்தியா மார்க் 2 பம்பை உங்களில் பலர் அடித்திருப்பீர்கள். 1970களின் பிற்பகுதியில் யுனிசெஃப் துணையோடு கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்து, சென்னையில் தயாரித்த பம்பு அது. முரட்டுப் பம்பு. ஊரே தொங்கினாலும் தாங்கும். ஆனால் அடியில் வாஷர் தேய்ந்தால் இரும்புக் குழாயை ஒவ்வொன்றாக மேலே இழுக்க வேண்டும். முக்காலி வேண்டும், ஆள் வேண்டும், வண்டி வேண்டும். வண்டி வரும்வரை ஊர் காத்திருக்கும். நானே அந்த வண்டியில் போனவன், எத்தனை நாள் காக்க வைத்தேன் என்பது எனக்குத் தெரியும். ஆஃப்ரிடெவ் இந்தக் குறையை உத்தேசித்தே செய்யப்பட்டது. 1980களில் மலாவியில் மால்டெவ் என்ற பெயரில் தொடங்கி, கென்யாவில் முழுவடிவம் பெற்றது. நீர்க்குழாய் பிளாஸ்டிக். அதை அசைக்காமலே, கம்பிகளைக் கொக்கி கொக்கியாகக் கழற்றி உள்ளேயிருந்து பிஸ்டனை மேலே எடுத்துவிடலாம். ஒரே ஒரு ஸ்பானர், அடிவால்வைத் தூக்க ஒரு தூண்டில் கம்பி, அவ்வளவுதான் கருவி. கிராமத்துப் பெண்கள் நான்கு பேர் காலையில் தொடங்கினால் மதியச் சமையலுக்குள் முடித்துவிடலாம். இத்தனை வருடம் வேலை பார்த்த எனக்கு முதல் முறை அதைப் பார்த்தபோது பொறாமையாக இருந்தது.

அப்படியானால் பம்புகள் ஏன் செத்துக் கிடந்தன? எனக்குக் காட்டப்பட்டவற்றில் மூன்றில் ஒன்றாவது ஓடவில்லை. டெட்சா மட்டும் அப்படியல்ல. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் கைபம்புகளில் சுமார் 36 விழுக்காடு வேலை செய்யவில்லை என்று 2009-இல் ஊரக நீர் வழங்கல் வலையமைப்பு என்ற பன்னாட்டு அமைப்பு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. நான் பார்த்த செத்த பம்புகளில் பாதிக்குத் தேவைப்பட்டது பெரிய சமாச்சாரம் இல்லை. பிஸ்டனில் இருக்கும் ரப்பர் வாஷர். வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. உள்ளங்கையில் மூடி மறைத்துவிடலாம், அவ்வளவு சின்னது.

ஆனால் அந்தப் பம்புகளின் சிமெண்டு மேடையைப் பாருங்கள். இன்ன நாட்டு மக்களின் அன்பளிப்பு, இன்ன ஆண்டு என்று பளிங்குப் பலகை பதித்திருப்பார்கள். ஒரு ஊரில் தண்ணீர் வராத பம்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்னொரு பம்பு, அதற்கு வேறொரு நாட்டுப் பலகை. இரண்டாவதும் ஓடவில்லை. புதிய கிணறு தோண்டினால் புகைப்படம் உண்டு, அறிக்கையில் எண்ணிக்கை ஒன்று கூடும். வாஷர் மாற்றியதற்கு எந்த அறிக்கையில் எந்தக் கட்டம் இருக்கிறது?

இது வெறும் நிர்வாக எரிச்சல் இல்லை. நான் அங்கே போய்ச் சேர்ந்த வருடம் மலாவியில் காலரா பரவிக்கொண்டிருந்தது. அந்த நாட்டு வரலாற்றிலேயே மோசமானது. 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். பம்பு நின்றால் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குத்தான் போவார்கள். வேறு எங்கே போவார்கள்?

என்னால் பொறுக்க முடியவில்லை. முதல் மூன்று ஊர்களில் வாஷரை நானே வாங்கிப் போட்டேன், என் கைக்காசில். தண்ணீர் வந்தது, பெண்கள் குலவையிட்டார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிரவு வீட்டுக்கு அழைத்துப் பெருமை பேசினேன். நான் அங்கே செய்த பெரிய தவறு அதுதான்.

ஒவ்வொரு பம்புக்கும் ஒரு தண்ணீர்க் குழு இருக்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலித்துப் பழுது பார்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. நான்காவது ஊரின் குழுப் பொருளாளர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். மாயி என்று அழைப்பேன், அம்மா என்று பொருள். நான் பையிலிருந்து வாஷரை எடுத்ததும் கை நீட்டித் தடுத்தார். "அகோகோ, பக்கத்து ஊரில் நீங்கள் வாங்கிக் கொடுத்தீர்கள். இப்போது அங்கே ஒருவரும் காசு கொடுப்பதில்லை. தாத்தா வருவார் என்கிறார்கள். இங்கேயும் கொடுத்தால் நாளை நான் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது?" என்றார். கூட்டத்தில் வைத்துத்தான் சொன்னார். ஆனால் 'இனு' போட்டு, மரியாதையாக. எனக்குக் காது சூடேறியது. வாஷரைப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்தப் பம்பு மேலும் ஐந்து வாரம் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. அந்த ஐந்து வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவர் தடுத்தது சரியா என்று இன்றும் சில இரவுகளில் எனக்கே சந்தேகம் வருவதுண்டு.

மாத வசூல் ஏன் நடக்கவில்லை என்பதையும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே பசிக்காலம். பழைய மக்காச்சோளம் தீர்ந்துபோயிருக்கும், புதியது வயலில் பச்சையாக நிற்கும். ஜனவரியில் ஒரு வீட்டில் காசு கேட்பது உலையில் கைவிடுவது போல. மாதாமாதம் வசூல் என்று விதி எழுதியவர் மாதச் சம்பளக்காரராகத்தான் இருக்க வேண்டும். நானும் மாதச் சம்பளக்காரன்தானே, அதனால் எனக்கும் அது கண்ணில் படவில்லை. அந்த அம்மாள் விதியை மாற்றினார். ஏப்ரல், மே அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு தட்டு மக்காச்சோளம், வருடத்துக்கு ஒரே முறை. அதைத் தன் வீட்டுக் குதிரில் வைத்துக்கொண்டார். உடனே விற்றுப் பணமாக வைக்கச் சொன்னேன். எலி தின்னும், கணக்கு குழம்பும், பணம் என்றால் பத்திரம் என்று வாதாடினேன். கேட்கவில்லை.

2023 நவம்பரில் மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பை இறக்கினார்கள்; ஒரு டாலரின் விலை ஒரே அடியாக 44 விழுக்காடு ஏறியது. காசாகச் சேர்த்து வைத்திருந்த குழுக்களின் பணம் இருந்த இடத்திலேயே கரைந்தது. அவர்களில் இரண்டு குழுக்கள் என் பேச்சைக் கேட்டவை. அம்மாள் ஜனவரியில், மக்காச்சோளம் விலை ஏறி நிற்கும்போது, குதிரின் வாயைத் திறந்தார். வாஷர், ராட் இணைப்பு, கைப்பிடி பேரிங் எல்லாம் வாங்கி மிச்சமும் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு என் வேலை வெகுவாகச் சுருங்கியது. ஊருக்கு ஊர் சைக்கிளில் போகும் உள்ளூர் மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து, தேய்மானத்தை எப்படிப் படிப்பது, எந்தப் பழுது எந்தச் சத்தத்தில் தொடங்கும் என்று பேசினேன். எந்தக் கடையில் எந்தப் பாகம் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் போட்டோம். பாகம் வந்த பெட்டியில் பெரும்பாலும் இந்தியத் தயாரிப்பு என்றிருக்கும். அதைக் காட்டி அவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். மற்ற நேரமெல்லாம் காத்திருப்புதான். மினிபஸ் நிறையும்வரை காத்திருப்பு. நிறைந்தது என்று நாம் நினைப்பதற்கும் நடத்துநர் நினைப்பதற்கும் எட்டுப் பேர் வித்தியாசம். கூட்டத்துக்கு ஆள் சேரக் காத்திருப்பு. ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை எந்த வேலையும் நடக்காது. முதலில் நேரம் வீணாகிறதே என்று நொந்துகொண்டேன். பிறகு நானும் போய் ஆண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன். துக்கத்துக்கு வராதவன் கூப்பிடும் கூட்டத்துக்கு யார் வருவார்கள்?

ஆகவே, தங்கச்சி, உன் பிள்ளை போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் அவனால் 'இவே'க்கும் 'இனு'வுக்கும் வித்தியாசம் கற்றுக்கொள்ள முடியாது என்கிறேன். முப்பது வருடம் வேலை தெரிந்தவன் போய்ப் பண்ணிய குளறுபடியை மேலே எழுதியிருக்கிறேன். வேலையே என்னவென்று தெரியாமல் போகிறவன் என்ன செய்வான்? சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லட்டும், டெட்சா மலையேறட்டும், சோங்கோனிப் பாறை ஓவியங்களைப் பார்க்கட்டும், சந்தையில் மண்டாசி வாங்கித் தின்னட்டும். டிக்கெட்டுக்கு நானும் கொஞ்சம் தருகிறேன். அந்தப் பயணத்துக்குத் தொண்டு என்று பெயர் வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தொழில் ஒன்று கற்றுக்கொண்ட பிறகு, இரண்டு வருடம் ஒதுக்க முடிந்தால், அப்போது என்னிடம் வரட்டும். அங்கே யாரும் புதிதாக எதையும் கட்டித்தரச் சொல்லிக் காத்திருக்கவில்லை. கட்டியது ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

நான் கிளம்ப வேண்டிய நாளில் அந்த நான்காவது ஊரில் வழியனுப்பு விழா வைத்திருந்தார்கள். கோழி பிடித்துக் கட்டியாயிற்று, ஊர்த்தலைவர் பேசுவதாக ஏற்பாடு. விடியற்காலையில் பம்புக்குப் பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்துபோனார். விழா இல்லை. ஊரே அங்கே போய்விட்டது, நானும் போனேன். பெண்கள் உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். மதியம் எனக்கென்று பிடித்த கோழி துக்க வீட்டுச் சட்டியில் கொதித்தது. பொருளாளர் அம்மாள் கை கழுவ எனக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டார். சாப்பிட்டுவிட்டு நெடுஞ்சாலைக்கு நடந்தேன். மினிபஸ் நிறைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.