வொரண்டி இல்லை என்றால் எழுதித் தாங்கோ

தம்பியின் காருக்கு முகவர் வொரண்டி இல்லை என்று மறுத்ததைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போன லைவைப் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். இது பார்த்தவர்களுக்கு. அதிலும், கீழே சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போன பெருமக்களுக்கு.

தம்பியின் கார் புதுசு. 2025 பெப்ரவரியில் இறக்குமதித் தடையை எடுத்த பிறகு, லீசிங் போட்டு எடுத்தது. ஏசி கொம்ப்ரெசர் போய்விட்டது. முகவர் சொன்ன காரணத்தை எல்லோரும் கேட்டீர்கள்: வெளிக்கடையில் டேஷ்கேம் பூட்டியிருக்கு, அதனால் வொரண்டி இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற விரலளவு கமெரா, பொனட்டுக்குள் இருக்கிற கொம்ப்ரெசரைத் தின்றுவிட்டதாம். நல்ல பசி போல.

சரி, அந்தக் கமெராவுக்கு இழுத்த வயர்தான் காரணம் என்றே வைப்போம். அதை ஒரு கடதாசியில் எழுதி, கையெழுத்து வைத்து, சீல் குத்திக் கொடுக்கலாமே? தம்பி கேட்டதும் அதைத்தான். வந்த பதில்: "அப்படிக் குடுக்கிறதில்ல சேர், கம்பனி பொலிசி." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது கொம்ப்ரெசருக்காக இல்லை, இந்த வசனத்துக்காக.

மறுக்கிறீர்களா, மறுங்கள். ஆனால் எழுதித் தாருங்கள். எந்தப் பாகம், என்ன பழுது, எந்தச் சோதனையில் தெரிந்தது, வொரண்டிப் புத்தகத்தின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள். நாலைந்து வரிதான். கார் விற்ற அன்று எத்தனை இடத்தில் கையெழுத்து வாங்கினீர்கள்? அன்றைக்குக் கடதாசிக்குப் பஞ்சம் இருக்கவில்லையே.

அமெரிக்காவில் 1975 இலேயே மக்னசன்-மொஸ் என்று ஒரு சட்டம் கொண்டு வந்துவிட்டார்கள். வெளிச்சாமான் பூட்டினாய் என்பதற்காக மட்டும் அங்கே வொரண்டியை வெட்ட முடியாது. அந்தச் சாமானால்தான் பழுது வந்தது என்று கம்பனிதான் காட்ட வேண்டும். "அக்கா, இது கொழும்பு" என்று யாரோ எழுதப் போகிறீர்கள். தெரியும் ராசா. கொம்ப்ரெசர் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரித்தான் சுத்துது.

எங்கள் வீட்டுக் கதை பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா 2019 இல் ஓய்வூதியப் பணிக்கொடையைப் போட்டு பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஒரு ஹைபிரிட் கார் பிராண்ட் நியூவாக எடுத்தார். அதே காசுக்கு ஜப்பானில் ஓடி வந்த, இதைவிடப் பெரிய ரீகண்டிஷன் கார் வாங்கலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். "வொரண்டி இருக்குப் பிள்ளை" என்றார். மேலதிகமாகக் கொடுத்த காசு முழுக்க அந்த நம்பிக்கைக்குத்தான்.

பின் சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். பற்றரியைக் குளிராக்கும் காற்று அதற்குள்ளால்தான் போகும். தூசி அடைத்தால் பற்றரி சூடாகும் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் அப்பா அதைத் தட்டிக்கொண்டே இருப்பார். பேரப்பிள்ளைகள் புத்தகப் பையை அதை மறைத்து வைத்தால் ஏச்சு விழும். அப்படிப் பார்த்த காரில் 2023 இல் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஹைபிரிட் பற்றரிக்கு வொரண்டிக் காலம் இன்னும் மிச்சம் இருந்தது. கொண்டு போனோம். "2020 இல ஒரு சேர்விஸ் லேட்டாகியிருக்கு அங்கிள். வொரண்டி கட்."

2020 இல் எப்போது? ஏப்ரலில். மார்ச் 20 போட்ட ஊரடங்கு, கொழும்பில் மே கடைசி வரை. மருந்து வாங்கவே வழி தெரியாமல் இருந்த நாட்கள். அவர்களுடைய சேர்விஸ் சென்டரே பூட்டு! திறந்தவுடன் அப்பா கொண்டு போனார். சேர்விஸ் செய்தார்கள், காசு வாங்கினார்கள், புத்தகத்தில் சீலும் குத்தினார்கள். "உங்கட வொரண்டி போயிட்டு" என்று அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும், வொரண்டி இருக்க வேண்டுமென்றால் எங்களிடமே சேர்விஸ் செய்யுங்கள் என்று மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. இல்லாத வொரண்டிக்கு!

இன்னொரு மேதாவி வந்து 2022 பெற்றோல் சரியில்லை என்றார். பெற்றோல் பங்கீட்டுக் கியூஆரைக் காட்டி, கிடைத்ததை அடித்த காலம். ஒக்டேன் 92 ஆ 95 ஆ என்று பார்த்தா அடித்தோம்? அதை விடுங்கள், பெற்றோலுக்கும் பற்றரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ஓவரோலா பாதிக்கும் மிஸ்" என்றார். அதையும் எழுதித் தரச் சொன்னோம். தரவில்லை.

"கையெழுத்து வைக்க முதல் வாசிச்சிருக்கலாமே அக்கா." வாசித்தோம். உரிய பராமரிப்பு இல்லாவிட்டால் வொரண்டி இல்லை என்று இருக்கிறது. உரியது எது என்று தீர்மானிப்பது யார்? காசு கொடுக்க வேண்டிய அதே ஆள். நியாயமில்லாத ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிராக 1997 இலேயே இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது, 26ஆம் இலக்கம். கையெழுத்து வைத்தவன் செத்தான் என்று அதில் எங்கேயும் இல்லை.

"முகவரும் பாவம், காரைச் செய்த ஜப்பான்காரன் காசைத் திருப்பித் தராவிட்டால் அவர் தலையில்தானே விழும்?" உண்மைதான். பழுதான பாகத்தை எடுத்து வைத்து, ஆதாரத்தோடு கிளெய்ம் போட வேண்டும். அது சரிவராவிட்டால் முகவருக்குத்தான் நட்டம். அது அவருக்கும் ஜப்பானுக்கும் இடையிலான கணக்கு. லாபத்தைப் பிரிக்கும்போது எங்களைக் கூப்பிட்டாரா?

ஏமாற்றுகிற கஷ்டமர்களும் இருக்கினம் என்கிறீர்கள். இருக்கினம். மீற்றர் குறைக்கிறவனைப் பிடியுங்கோ. பெயின்ட் பிரஷோடு நிற்கிற கிழவனை விடுங்கோ.

"1977க்கு அடியுங்கோ" என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள், மெத்தப் படித்த மாதிரி. அது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் நம்பர், வொக்ஷோல் வீதி. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. வொரண்டிக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி விசாரிக்கலாம் என்றுதான் இருக்கிறது. அதே பிரிவில், விற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. வொரண்டி வருஷக் கணக்கில், முறைப்பாடு மாதக் கணக்கில்! சரி, அதையும் தாண்டி உள்ளே விட்டார்கள் என்று வைப்போம். மேசையில் எதைப் போடுவது? "வாயால சொன்னவை ஐயா" என்றா? எழுதித் தராமல் இருப்பது சும்மா பழக்கதோஷம் இல்லை. நாளைக்கு யாரும் அதைத் தூக்கிக் காட்டக் கூடாது என்பதற்காகத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பற்றரிக்காகப் போன அன்றைக்கு அப்பா தமிழ் கலந்த சிங்களத்தில்தான் கேட்டார். கவுண்டரில் இருந்த பொடியன் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "மே அங்கிள்ட கியலா வெடக் நே" என்றான். இந்த அங்கிளுக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லையாம். அப்பா குருநாகலில் படிப்பித்த மனுஷன், அவருக்கு எல்லாம் விளங்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை.

வொரண்டிப் புத்தகம் இங்கிலீஷில். கதை சிங்களத்தில். தமிழில் ஒரு கடதாசி கேட்டால் தனிநாடு கேட்ட மாதிரிப் பார்க்கிறார்கள். 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. ஆனால் தனியார் கம்பனியை அது கட்டாது, அதுவும் தெரியும், சட்டம் படிக்கிறவர்கள் தயவுசெய்து வகுப்பு எடுக்க வேண்டாம். தீபாவளிக்கு மட்டும் காருக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு வைத்து, எழுத்துப் பிழையோடு தமிழில் வாழ்த்துப் போடத் தெரியுது. விற்க வேண்டுமென்றால் தமிழ் வரும், திருத்த வேண்டுமென்றால் வராது.

கடைசியில் காரைத் திருத்தியது கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் பாஸ். சிங்கள ஆள்தான், இதையும் சேர்த்து வாசியுங்கள். பற்றரியை இறக்கி, பழுதான மொடியூல்களை மாற்றி, கழற்றினவற்றை அப்பாவின் கையிலேயே கொடுத்தார். நாங்கள் கேட்கவே இல்லை, பில் புத்தகத்தில் எது மாற்றினது, எத்தனை மாதத்துக்குத் தான் பொறுப்பு என்று பேனையால் எழுதிக் கையெழுத்து வைத்தார். ஓரத்தில் கிறீஸ் விரலடையாளம். ஷோரூம் இல்லை, ஏசி இல்லை, கோப்பி மெஷின் இல்லை. ஒற்றைப் பேனை இருந்தது.

திங்கட்கிழமை தம்பி திரும்பவும் போகிறார். நானும் கூடப் போகிறேன். அங்கே வாயே திறக்க மாட்டேன் என்று வீட்டில் சத்தியம் வாங்கியிருக்கினம். பார்ப்போம்.