சம்பள மசோதாவுக்கு மட்டும் ஏன் பேச்சே இல்லை?

2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை கர்நாடக சட்டசபையில் நடந்த ரகளையின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதனால் முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. எதிர்க்கட்சியான பாஜகவின் எம்எல்ஏக்கள் அரசு ஒப்பந்த ஒதுக்கீட்டு மசோதாவின் பிரதியைக் கிழித்து சபாநாயகர் இருக்கையை நோக்கி எறிந்தார்கள், மார்ஷல்கள் வந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், 18 பேர் ஆறு மாதத்துக்கு சஸ்பெண்ட். ஒரு வாரமாக எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஓடுவதும் இதுதான். யார் பக்கம் நியாயம் என்று அடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அதே மார்ச் 21, அதே சபை, அதே கூச்சல். அதற்கு நடுவில் முதலமைச்சர், அமைச்சர்கள், எம்எல்ஏக்கள் சம்பளத்தைக் கூட்டுகிற இரண்டு மசோதாக்கள் நிறைவேறிவிட்டன. முதலமைச்சருக்கு 75,000 ரூபாயாக இருந்தது ஒன்றரை லட்சம் ஆகிறது. அமைச்சருக்கு 60,000 இருந்தது 1,25,000. எம்எல்ஏவுக்கு 40,000 இருந்தது 80,000. படிகள் தனி. விவாதம் கிடையாது. குரல் வாக்கெடுப்பு, முடிந்தது. அரசியல்வாதிகளைப் பெண்களை வைத்துச் சிக்க வைக்கிறார்கள் என்கிற ஹனி ட்ராப் விவகாரத்துக்கும், அரசு ஒப்பந்தங்களில் முஸ்லிம்களுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டுக்கும் தொண்டை கிழியக் கத்தினார்களே, அந்தத் தொண்டையில் இந்த மசோதாவுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

சம்பளம் கூடியதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. பேசாமல் கூட்டிக்கொண்டார்கள், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சட்டசபை என்பது பேசுவதற்கான இடம். அங்கே பேசாமல் எடுத்த பணம், எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும், கேட்காமல் எடுத்த பணம்தான்.

ஏன் எனக்கு இவ்வளவு கோபம் என்று கேட்டால், என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா இங்கே ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1980 டிசம்பர் கடைசியில் பெங்களூரின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் எல்லோரும் சேர்ந்து சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 77 நாள் நடந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. காலையில் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட் மீட்டிங்குக்குப் போவார். தமிழில் பேசுவார்கள், கன்னடத்தில் பேசுவார்கள், தெலுங்கில், மலையாளத்தில் பேசுவார்கள். ராத்திரி வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பிப்பார். நிர்வாகம் என்ன சொன்னது, சங்கம் என்ன சொன்னது, எந்தக் கணக்கு உதைக்கிறது, எல்லாம். அம்மாவுக்குக் கணக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

இரண்டாவது மாதம் அம்மாவின் தோடு சேட்டு கடைக்குப் போனது. காது தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்து, நுனியைத் தரையில் தேய்த்து மழுக்கி, மஞ்சள் தடவிச் செருகிக்கொண்டாள். கேழ்வரகுக் கூழ் கிண்டும்போது அந்தக் குச்சி அசையும். நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மார்ச்சில் வேலைக்குத் திரும்பிய பிறகும், கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் "நாங்க கேட்டுப் பார்த்தோம்" என்பார். தோடு திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆனது.

சம்பள உயர்வு என்றால் எனக்குத் தெரிந்தது இதுதான். ஏன் வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவன் முடியாது என்பான், அவனுக்கும் பதில் சொல்ல வேண்டும். 77 நாள் வேண்டாம், ஐயா. ஒரு மதியம் பேசியிருக்கலாமே. எம்எல்ஏ ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு டீ செலவு எவ்வளவு, தொகுதி சுற்ற டீசல் எவ்வளவு என்று ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

இப்போது சிலர் சொல்வீர்கள், இது காங்கிரஸ் ஆட்சி என்பதால் எழுதுகிறாய் என்று. தயவுசெய்து 2022 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். பசவராஜ் பொம்மைதான் முதலமைச்சர், பாஜக ஆட்சி. பாஜக அமைச்சர் ஈஸ்வரப்பா தேசியக் கொடி பற்றிப் பேசியதற்காக காங்கிரஸ்காரர்கள் சபையிலேயே படுத்துத் தூங்கிப் போராட்டம் நடத்தினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் இதே சம்பள மசோதாதான் விவாதம் இல்லாமல் நிறைவேறியது. எம்எல்ஏவுக்கு 25,000 ரூபாய் 40,000 ஆனது அப்போதுதான். மூன்று வருஷத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள், கூச்சலின் காரணம் மாறியது, மசோதா மட்டும் அதே மாதிரி சத்தத்துக்குள் நுழைந்து சத்தத்துக்குள் வெளியே வந்தது. யாருடைய கட்சி என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டு பேரும் செய்ததைத்தான் சொல்கிறேன்.

அப்புறம், எம்எல்ஏவுக்கு நல்ல சம்பளம் கொடுத்தால்தான் லஞ்சம் வாங்க மாட்டார், ஏழை வீட்டுப் பிள்ளையும் அரசியலுக்கு வர முடியும் என்கிற வாதம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம்தான். ஏனென்றால் அந்த நியாயத்தைச் சபையில் சொல்லத்தானே சொல்கிறேன்? நல்ல காரணம் கையில் இருக்கிறவர் எதற்காகக் கூச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டும்?

நேரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. இதே கூட்டத்தொடரில் கிரேட்டர் பெங்களூரு நிர்வாக மசோதாவும் நிறைவேறியது. அதை 2024 ஜூலையில் கொண்டுவந்தார்கள், எதிர்ப்பு வந்தது, காங்கிரஸ் எம்எல்ஏ ரிஸ்வான் அர்ஷத் தலைமையில் கூட்டுக் குழுவுக்கு அனுப்பினார்கள், குழு அறிக்கை கொடுத்தது, மார்ச் 10 அன்று பேரவையில் பேசி நிறைவேற்றினார்கள். நகரத்தை ஏழு மாநகராட்சிகள் வரை பிரிக்கலாம், மேலே முதலமைச்சர் தலைமையில் ஓர் ஆணையம். எனக்கு அந்த மசோதா பிடிக்கவில்லை. நகரத்தைப் பற்றி முடிவெடுக்க முதலமைச்சர் தலைமையில் ஓர் ஆணையம் என்றால் எங்கள் வார்டு ஆளுக்கு என்ன மரியாதை இருக்கும் என்று பயமாக இருக்கிறது. ஆனால் பேசினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று பேப்பரில் படித்தேன். பிடிக்காத சட்டத்தோடுகூட வாழ்ந்துவிடலாம், அது எப்படி வந்தது என்று தெரிந்தால்.

சிறுகடன் கொடுக்கிற மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் பற்றிய மசோதாவும் அப்படித்தான். பிப்ரவரியில் அவசரச் சட்டமாக வந்தது, கவர்னர் முதலில் திருப்பி அனுப்பினார், பிறகு கையெழுத்துப் போட்டார், இந்தக் கூட்டத்தொடரில் முறையான சட்டமாக்கினார்கள். மிரட்டி வசூலித்தால் 10 வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதை நான் மனசார வரவேற்கிறேன். எங்கள் சந்தில் ஒரு பெண் குழுக் கடன் எடுத்திருந்தாள். ஒரு வாரம் தவணை கட்ட முடியவில்லை. காலை ஏழு மணிக்குக் கலெக்‌ஷன் பையன் வந்துவிட்டான். அவன் கத்தவில்லை. குழுவில் இருந்த மற்ற ஒன்பது பேரையும் அவள் வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு, பைக் மேல் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது பேரும் வேலைக்குப் போக வேண்டியவர்கள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே அவள் மகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, படியைத் தாண்டி வெளியே வர முடியாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கடைசியில் ஆளுக்கு நூறு, இருநூறு போட்டுக் கட்டினோம். அந்தப் பெண்ணிடம் சட்டத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "போலீஸ்ல போய் என்னன்னு சொல்றது அக்கா, அவன் என்னைத் தொடவே இல்லையே?"

இந்தக் கேள்வியைச் சபையில் யாராவது கேட்டிருக்க வேண்டும். விவாதம் என்பது இதற்குத்தான். அப்படி ஒரு மசோதாவுக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு துளியை சம்பள மசோதாவுக்கும் கொடுங்கள் என்று கேட்டால் நான் பெரிய புரட்சிக்காரியாம்.

எங்களுக்கு இந்த 2025-இல் விலை ஏறாதது ஏதாவது இருக்கிறதா? ஜனவரியில் பஸ் கட்டணம் 15 சதவீதம். பிப்ரவரியில் மெட்ரோ, அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90. ஏப்ரல் 1 முதல் பால் லிட்டருக்கு 4 ரூபாய். அதே நாளிலிருந்து குப்பைக்கும் தனிக் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள், டீசல் விலை, ஊழியர் சம்பளம், மாட்டுத் தீவனம் என்று. நாங்கள் முணுமுணுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டோம். எங்களிடம் வாங்கும்போது காரணம் சொல்கிறவர்கள், தங்களுக்கு எடுத்துக்கொள்ளும்போது ஏன் சொல்லவில்லை?

கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். அந்த கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதிலிருந்து இந்த 2025 மார்ச் வரை, நான்கரை வருஷமாக, இவ்வளவு பெரிய நகரத்துக்கு ஒரு கார்ப்பரேட்டர் கிடையாது. எங்கள் சந்து விளக்கு பொங்கலிலிருந்து எரியவில்லை. மூன்று தடவை அலுவலகத்துக்குப் போனேன், ஆப்பில் புகார் போடுங்கள் என்றார்கள். போட்டேன். சரி செய்தாகிவிட்டது என்று மெசேஜ் வந்தது. அந்த மெசேஜை இருட்டில் நின்றுதான் படித்தேன். முன்பெல்லாம் கார்ப்பரேட்டர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவோம். திட்டுவார், ஆனால் ஆளை அனுப்புவார். இப்போது மிச்சம் இருப்பது எம்எல்ஏ ஒருவர்தான். அதனால்தான் அவர் சபையில் வாயைத் திறக்கிறாரா இல்லையா என்பது எனக்கு இவ்வளவு முக்கியமாக இருக்கிறது.

இதையெல்லாம் சுருக்கமாக, பத்து வரியில், போன சனிக்கிழமையே எழுதினேன். பந்த் நாள். என் ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து போனில் தட்டியது. அதற்குக் கீழே வந்த கமென்டைப் பலரும் பார்த்தீர்கள். "பிழைக்கப் போன ஊரில் பிழைப்பைப் பாருங்க மேடம், அவங்க சட்டசபை உங்களுக்கு எதுக்கு?" எழுதியவர் சென்னையில் இருக்கிற, எனக்குத் தெரிந்த ஒருவர். கன்னடக்காரர் எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நான் எங்கே பிழைக்கப் போனேன்? நான் பிறந்ததே பெங்களூர் அல்சூரில். என் அம்மா பிறந்ததும் இங்கேதான். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது எங்கள் வீட்டு வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப் பலகையைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்தவர் பக்கத்து வீட்டு கன்னடக்காரர். ராத்திரி எங்களைத் தன் வீட்டுச் சமையலறையில் படுக்க வைத்தவரும் அவர்தான். அதே வருஷம் அல்சூர் ஏரிக்கரையில் நிறுத்திய திருவள்ளுவர் சிலை 18 வருஷம் துணிக்குள் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்டில் திறந்தபோது அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனேன். அவர் சிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, திரும்பி வரும் வழியில், "இனி ரோடு போடச் சொல்லணும்" என்றார். சிலை வேண்டும், ரோடும் வேண்டும். இரண்டையும் இந்த ஊரிடம் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று அவர் சந்தேகமே படவில்லை.

வரி இங்கே கட்டுகிறேன். ஓட்டு இங்கே போடுகிறேன். குடும்பத் தலைவிகளுக்கு மாதப் பணம் தரும் கிருஹலட்சுமி திட்டத்தின் விண்ணப்பம் நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கன்னடத்தில் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், பாதிப் பேர் கன்னடக்காரப் பெண்கள். அந்த எம்எல்ஏ என் எம்எல்ஏ. அவர் சம்பளத்தில் என் காசும் இருக்கிறது. என்னைக் கேட்காமல் எடுத்தீர்களே என்று நான் கேட்கக் கூடாதென்றால், இந்த உலகத்தில் வேறு எந்தச் சட்டசபையைப் பார்த்து நான் கேட்பது? தமிழ்நாட்டில் எனக்கு ஓட்டு இருக்கிறதா?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. அந்தக் கமென்டை நான் அழிக்கவில்லை, இருக்கட்டும்.

எங்கள் எம்எல்ஏவுக்குக் கன்னடத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், ஒரே பக்கம். மார்ச் 21 அன்று சம்பள மசோதா வந்தபோது நீங்கள் சபையில் இருந்தீர்களா, இருந்தால் ஏன் பேசவில்லை, பேச விடவில்லை என்றால் அதை ஏன் வெளியே வந்து சொல்லவில்லை. சந்து விளக்கைப் பற்றியும் கடைசியில் இரண்டு வரி. இதுவரை 23 கையெழுத்து. அந்தக் குழுக் கடன் பெண்ணும் போட்டிருக்கிறாள். முதல் கையெழுத்து அம்மாவுடையது, கன்னடத்தில், கொஞ்சம் நடுக்கத்தோடு. கடிதம் கடை மேசையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் இருக்கிறது. திங்கள் மதியம் வரை வைத்திருப்பேன், அப்புறம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.