பொன்னாடையை அவர் கேட்கவில்லை

அந்தப் புகைப்படத்தை நேற்றிலிருந்து பதினாறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவில், நான் தம்பி என்று கூப்பிடும், காது கேட்காத ஓர் அரசு ஊழியர், தோளில் பொன்னாடை, பக்கத்தில் அதிகாரி, சுற்றிலும் ஊழியர் சங்கத்துக்காரர்கள். "பேசித் தீராத பிரச்சினை உண்டா", "மனிதநேயம் வென்றது" என்று கீழே வாசகங்கள், கைகூப்பும் பொம்மைகள். நானும் மாற்றுத்திறனாளி என்பதால், அனுப்பியவர்களில் பாதிப் பேர், "அக்கா, உங்க ஆளுங்களுக்கு நல்ல செய்தி" என்று வேறு சேர்த்திருந்தார்கள்.

இது நல்ல செய்தி இல்லை. ஒரு புகாரைத் திரும்பப் பெற வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் இருப்பது அதுதான். அவர் முகத்தை மட்டும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

அவர் என்ன கேட்டார் என்று படத்தைப் பகிர்ந்த யாராவது எழுதினீர்களா? எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த மனுவை எழுதும்போது நான் கூட இருந்தேன். காணொலி ஆய்வுக் கூட்டம் நடக்கும்போது, பேசுவதை எழுதிக் காட்ட ஒருவரை என் பக்கத்தில் உட்கார வையுங்கள். அது முடியாவிட்டால், கேட்கப்போகும் விவரங்களை முன்னாடியே எழுத்தில் கொடுங்கள். மொத்தமே இரண்டு கோரிக்கை. தம்பிக்குக் காது கேட்காது. எதிரே நின்று பேசினால் வாய் அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஒன்பது வருடமாக அப்படித்தான் வேலை பார்க்கிறார், அவர் இருக்கையில் கோப்பு தேங்கியதாக யாரும் சொன்னதில்லை. ஆனால் திரையில் முப்பது கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் பட்டாணி அளவு முகம், ஒலிபெருக்கியில் கரகரவென்று குரல். அதில் யார் வாயை அவர் படிப்பார்?

அப்படி ஒரு கூட்டத்தில் அவரிடம் ஏதோ எண்ணிக்கை கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்டார்கள். அப்புறம் அந்தப் பழமொழி. செவிடன் காதில் ஊதிய சங்கு. கூட்டமே சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்திருக்கிறார். என்ன சொன்னார்கள் என்று மறுநாள் தட்டச்சர் எழுதிக் காட்டித்தான் அவருக்குத் தெரிந்தது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அடுத்த வாரம் குறிப்பாணை வந்தது: ஆய்வுக் கூட்டத்தில் கவனக்குறைவாக இருந்தமைக்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.

அதற்குத்தான் புகார். எழுதிக் காட்ட ஒரு ஆள் கேட்டார். பொன்னாடை கேட்கவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாகுபாடு என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்குகிற இடத்திலேயே, ஒருவருக்குத் தேவைப்படும் நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று இருக்கிறது. நாம் திட்டினால்தான் பாகுபாடு, அடித்தால்தான் பாகுபாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் விட்டதே பாகுபாடு. 20ஆவது பிரிவு, அரசு அலுவலகங்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தே ஆக வேண்டும் என்கிறது. 23ஆவது பிரிவு, ஒவ்வொரு அரசு அலுவலகமும் இதற்கென்று ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும், புகார்களுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும், பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்கிறது. திருப்தி இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழுவுக்குப் போகலாம். புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டு டீ கொடுத்து, தோளில் துணி போர்த்திப் படம் எடுக்க வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே நியாயமான ஏற்பாட்டைத்தான் பேசியது. எழுதும்போது கைத்தசை இழுத்துப் பிடிக்கும் பாதிப்பால் எழுத முடியாதவர், யுபிஎஸ்சி தேர்வில் தனக்குப் பதிலாக எழுத ஒருவரைக் கேட்டார், மறுத்தார்கள், நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவரும் கேட்டது எழுதுவதற்கு ஒரு ஆளைத்தான். அதே வருடம் டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு. மனநலப் பாதிப்பு இருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். அந்த நடவடிக்கைக்கான காரணங்களில் ஒன்றாக இயலாமை இருந்தாலே போதும், சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். தம்பிக்கு வந்த குறிப்பாணையை இந்தத் தீர்ப்போடு சேர்த்து வைத்துப் படியுங்கள். காது கேட்கவில்லை என்பதைத் தவிர அதில் வேறு என்ன குற்றம் இருக்கிறது?

"இவ்வளவு சட்டம் பேசுகிறாயே, உனக்கு என்ன தெரியும்" என்பவர்களுக்காக என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை இங்கே எழுதியதில்லை.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. இடது காலில் காலிபர் என்கிற தாங்கு கருவி. வேலைக்குச் சேர்ந்து பதினேழு வருடம். 2019இல் நான் இருந்த அலுவலகத்தில் எங்கள் பிரிவை இரண்டாவது மாடிக்கு மாற்றினார்கள். லிஃப்ட் கிடையாது. மொத்தம் நாற்பத்தி நான்கு படி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. என் இருக்கையை மட்டும் கீழே போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. பெண்கள் கழிப்பறை தரைத்தளத்தில்தான். ஒருமுறை இறங்கி ஏறினால் அரை மணி நேரம் போய்விடும். அதனால் காலையில் வீட்டில் அரை டம்ளர் காப்பி குடிப்பதோடு சரி, சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். மூன்று மாதத்தில் சிறுநீர்த் தொற்று. டாக்டர் "தண்ணீர் குடிம்மா" என்றார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

குறைதீர் அலுவலர் யார் என்று கேட்டேன். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பத்து நாள் கழித்துச் சொன்னார்கள், என் மனுவைப் பரிசீலனையில் வைத்திருக்கும் அதே அதிகாரிதான் குறைதீர் அலுவலரும். பதிவேடு இல்லை. என் புகாருக்காகவே ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கி, கோடு போட்டு, வரிசை எண் 1 என்று என் பெயரை எழுதினார்கள். அதற்கு அடுத்த வாரம் முதல் நான் எத்தனை மணிக்குப் படியேறி வருகிறேன் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பதினோரு நிமிடத் தாமதத்துக்கு எனக்கு ஒரு குறிப்பாணை. அதைக் கூடத் தாங்கிக்கொண்டேன். மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நான்கு பேரில் மூன்று பேர் வேறு மேசைக்குப் போனார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயம்.

ஏழு மாதம் கழித்து அந்த அதிகாரி மாறுதலில் போனார். புதிதாக வந்தவர் மூன்றாவது நாள் காலையில், "ஏம்மா நீங்க மாடியிலயா இருக்கீங்க?" என்று கேட்டார். அலுவலக உதவியாளர்கள் இரண்டு பேர் மேசையையும் நாற்காலியையும் கீழே கொண்டுவந்து போட்டார்கள். இருபது நிமிடம். ஏழு மாதம் பரிசீலனையில் இருந்த காரியம்.

இதைச் சொன்னால் உடனே, "பார்த்தாயா, நல்ல அதிகாரி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். நல்ல அதிகாரி வரும்வரை நான் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டுமா? சட்டம் நல்லவர் கெட்டவர் பார்த்துப் போடப்பட்டதா?

"எல்லோருக்கும்தான் அலுவலகத்தில் கஷ்டம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. ஆள் பற்றாக்குறை, இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்ப்பது, ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் விவரம் கேட்பது, எல்லாம் நானும் படுகிறேன். அந்தக் கஷ்டத்தோடு சேர்த்து இதையும் படுகிறோம், அவ்வளவுதான்.

"உங்களுக்குத்தான் 4 சதவீத இட ஒதுக்கீடு, ஊர்திப்படி எல்லாம் இருக்கிறதே, அப்புறம் என்ன புகார்?" இந்தக் கேள்விக்கு நான் பதினேழு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இட ஒதுக்கீடு என்னை வாசல் வரை கொண்டுவந்தது. படி ஏற வைக்கவில்லை. நானும் தேர்வு எழுதித்தான் வந்தேன்.

பெனோ ஜெஃபைனைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பார்வையே இல்லாத நம் சென்னைப் பெண் வெளியுறவுப் பணிக்குப் போனாரே, அவர் புகார் சொன்னாரா என்று. எனக்கு அவரை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அவர் படித்தது, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் உதவியோடு. அந்த மென்பொருள் அவருக்கு எப்படியோ, தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் காட்டும் ஆள் அப்படி. அதைக் கொடுத்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழே போலியாக வாங்குகிறார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். 2024 ஜூலையில் மகாராஷ்டிராவில் பயிற்சியில் இருந்த ஒருவரின் ஐஏஎஸ் தேர்வை யுபிஎஸ்சி ரத்து செய்தது, அந்த விவகாரத்தில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றியும் கேள்வி எழுந்தது. அதே மாதம், இந்தப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு இட ஒதுக்கீடே எதற்கு என்று தெலங்கானாவின் மூத்த ஐஏஎஸ் அதிகாரி ஒருவர் பொதுவெளியில் கேட்டார். போலிச் சான்றிதழை யார் வாங்கினாலும் தண்டியுங்கள், எங்கள் இடத்தைத்தான் அவர்கள் திருடுகிறார்கள். ஆனால் அந்தச் செய்தி வந்த வாரத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், காலிபர் மாட்டிய என் காலைப் பார்த்து, "உங்களுது ஒரிஜினல்தானே மேடம்?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்டாராம். வீட்டுக்குப் போய் என் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்தவர் அவர்.

பொய்ப் புகார் கொடுத்து அதிகாரியை மிரட்டுபவர்களும் இருக்கிறார்களே என்றால், இருக்கலாம். அதற்குத்தான் விசாரணை. தம்பியின் புகாரை விசாரித்தார்களா? இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டியதை இரண்டு நாள்கூட விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு நான்கு பேர் போனார்கள், திங்கட்கிழமை பொன்னாடை.

சங்கத் தோழர்கள் மேல்தான் எனக்கு அதிக வருத்தம். பழைய ஓய்வூதியத்துக்காக உங்களோடு சாலையில் உட்கார்ந்தவள் நான். காலிபரோடு தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும், அப்படியும் உட்கார்ந்தேன். அன்றைக்கு யாராவது அரசாங்கம் போர்த்தும் பொன்னாடையை வாங்கிக்கொண்டு எழுந்து போகலாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இந்தத் தம்பி என்றதும் மட்டும் எப்படி சமாதானம் அவ்வளவு சுலபமாக வந்தது?

இன்னும் கொஞ்சம் பொறுங்கள், எல்லாம் மாறும் என்பவர்களுக்கு ஒன்று. பழைய அரசுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற சட்டம் கொடுத்த ஐந்து வருடம் 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி என்பவர் 2005இல் போட்ட மனுவில், அணுகல் வசதி விதிகள் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பரில். நாங்கள் பொறுத்துத்தான் இருக்கிறோம்.

படத்தைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அந்தக் குறிப்பாணை இன்னும் ரத்தாகவில்லை. அடுத்த ஆய்வுக் கூட்டம் வியாழக்கிழமை, எழுதிக் காட்ட யாரையும் இதுவரை போடவில்லை.

மாவட்டக் குழுவுக்கு எழுதலாமா, நான் கூட வருகிறேன் என்று நேற்று ராத்திரி தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். ரொம்ப நேரம் தட்டச்சு செய்வதும் அழிப்பதுமாக இருந்தார். பிறகு வந்தது: "வேண்டாம் அக்கா. மாறுதல் போட்டுடுவாங்க. பாப்பா இப்பதான் ஸ்கூல்ல சேர்ந்திருக்கா."

இன்னும் அவருக்கு நான் பதில் எழுதவில்லை.