சலுகை மட்டும் போதாது

வரிச்சலுகையும் மலிவு நிலமும் கொடுத்தால் தொழிற்சாலை எங்கே வேண்டுமானாலும் வந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. சலுகையை எல்லா மாநிலமும்தானே தருகிறது?

கார் கம்பெனிக்கு இருக்கை செய்து கொடுக்கும் இடத்தில் எட்டு வருஷம் டிஸ்பாட்ச், அதாவது சரக்கு அனுப்பும் வேலை, பார்த்தவன் நான். அங்கே கார் பூட்டும் லைனில் எந்த நிற கார் முன்னால் வருகிறதோ, அதே வரிசையில் இங்கே லாரியில் இருக்கையை ஏற்ற வேண்டும். கார் கம்பெனியிடம் இருக்கை கையிருப்பு இரண்டு மணி நேரத்துக்குத்தான். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு டேங்கர் கவிழ்ந்தால் போதும், போன் விடாமல் அடிக்கும். இந்த லட்சணத்தில் கார் கம்பெனியை விட்டு இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் யார் ஆலை போடுவார்கள்?

1990களில் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது சென்னையில் துறைமுகம் இருந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், அம்பத்தூர், பாடியில் உதிரிபாகப் பட்டறைகள், லேத் பிடிக்கத் தெரிந்த ஐ.டி.ஐ. பையன்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தார்கள். கொரியாவிலிருந்தும் சப்ளையர்கள் கூடவே வந்தார்கள். அப்புறம் வந்தவர்களுக்கு வேலை சுலபம்.

கரண்ட் விஷயத்தை அந்தக் கட்டுரை தொடவே இல்லை. 2012 மின்வெட்டில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே எங்கள் லாபம் போனது. நிலம் எத்தனை மலிவாக இருந்து என்ன?