ஏழு ஆண்டு கடந்தால் வழக்கே இல்லையா?

‘கல்யாணமாகி ஏழு வருஷம் தாண்டிய பெண் புருஷன் வீட்டில் இறந்தால் வழக்குப் போட முடியாது, உடலை வாங்கி எரிப்பதுதான் வழி’ என்றொரு செய்தி தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

ஏழு ஆண்டு வரம்பு, வரதட்சணை மரணம் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 80ஆம் பிரிவுக்கு உரியது. அக்காலத்துக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டதும் காட்டப்பட்டால், கொடுமை செய்தவரே மரணத்துக்குக் காரணம் என நீதிமன்றம் அனுமானிக்கும். அரூரிலோ ஓசூரிலோ இத்தகைய மரணங்களைப் போலீசாரோடு கோட்டாட்சியர் நிலை அதிகாரியும் விசாரிப்பது இதே ஏழாண்டுக் கணக்கில்தான். குழப்பமும் அங்கிருந்தே பிறந்திருக்கலாம்.

எட்டாம் ஆண்டில் அந்த அனுமானம் கிடைக்காது, மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பின் மீது விழும் என்பது உண்மையே. ஆனால் கொலைக்கான 103, தற்கொலைக்குத் தூண்டியதற்கான 108, கணவர் வீட்டார் கொடுமைக்கான 85 ஆகிய பிரிவுகளுக்கு மணநாள் கணக்கு கிடையாது.

உடலை அவசரமாக எரித்துவிடச் சொல்வதுதான் இச்செய்தியின் பெருங்கேடு. கழுத்துத் தடத்தையும் காயங்களையும் பதிவு செய்வது உடற்கூறாய்வு. மரணத்தில் ஐயம் இருந்தால், எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும் பெற்றோர் அதைக் கோரலாம். மகள் ஓசூரில் இறந்திருந்தாலும் பெற்றோர் தம் ஊரான பென்னாகரம் காவல் நிலையத்திலேயே புகார் தரலாம்; எல்லையைக் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடமில்லை.