அன்பளிப்புப் பிரதி

ஞாயிறு இரவு அந்தப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நடந்ததை உங்களில் பலர் படம்பிடித்து எனக்கு அனுப்பிவிட்டதால், முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. என் சிறுகதைத் தொகுப்பு முழுவதும் பிடிஎஃப்பாக வந்து விழுந்தது. கீழே கைகூப்பும் படங்கள் வரிசை கட்டின. "தமிழ்த்தொண்டு தொடரட்டும்" என்று ஒருவர் வாழ்த்தினார். வாழ்த்து எனக்கில்லை, ஸ்கேன் செய்தவருக்கு.

இரவல் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலத்தில் ஐந்து வீட்டுக்கு ஒரு தமிழ் நேசன் நாளிதழ்தான் வரும். பட்டறையிலிருந்து வரும் அப்பா எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத எண்ணெய்க் கறையோடு அதைப் பிரிப்பார். அவருடைய கட்டைவிரல் தடம் பதிந்த தாளைத்தான் மற்ற நான்கு வீடுகளும் படித்தன. ஆனால் மாதக் கடைசியில் ஐந்து வீட்டுச் சில்லறையும் ஒரு மைலோ டின்னில் விழுந்துவிடும். ஒரு மாதம் அப்பாவிடம் இல்லாதபோது, அம்மா முட்டை விற்ற காசைப் போட்டார். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றது. அன்றைக்கு முகநூலில் ஒப்பாரி வைத்தவர்களில் எத்தனை பேர் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பகைதான் மிஞ்சும்.

வசதியில்லாதவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். ஜாலான் துன் ரசாக்கில் போய்க் கேட்டுப் படிக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கேட்டபோதும் மறுத்ததில்லை. ஆனால் அந்தக் குழுவில் பிடிஎஃப்பைத் திறந்த கைப்பேசிகளில் சில, நான் முந்நூறு பிரதிக்குக் கொடுத்த அச்சுக்கூலியைவிட விலை கூடியவை.

பாரதி பாடல்கள் பொதுவுடைமை ஆகவில்லையா என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஆயின, 1949-இல், அதற்கும் அன்றைய சென்னை மாகாண அரசு அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தது. தம் நூல்கள் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போலச் சாதாரணமாக விற்க வேண்டும் என்று 1920-இல் கனவு கண்டவர் பாரதி. விற்க வேண்டும் என்றார், ஐயா. நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நான் இறந்து 50 ஆண்டுகள் கழித்து என் எழுத்தும் எல்லாருக்கும் உரியதாகிவிடும். அதுவரை பொறுக்க முடியாத அளவுக்கு என் கதைகள் சுவையாக இருக்கின்றன என்றால் மகிழ்ச்சிதான்.

"பணத்துக்காகவா எழுதுகிறீர்கள்?" என்ற கேள்விதான் சுட்டது. வெளியீட்டு விழாவில் மண்டபக்காரர் முன்பணம் வாங்கினார், பதாகை அச்சிட்டவர் வாங்கினார், சாப்பிட மீகூன் கொண்டுவந்தவர் வாங்கினார். அன்றைக்குப் பிறகு ஒருமுறைகூடப் போர்த்தப்படாமல் மடிந்தே கிடக்கப்போகும் பொன்னாடைகளுக்கும் பணம் போனது. அவர்களில் யாரிடமும் தமிழுக்காகச் செய்யக்கூடாதா என்று எவரும் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்த சிறப்பு விருந்தினர் தமிழ் வாழ வேண்டும் என்று முழங்கிவிட்டு, இலவசப் பிரதியோடு காரில் ஏறினார். இருபத்தைந்து வெள்ளி (ரிங்கிட்) புத்தகம் இன்னும் நான்கு பெட்டிகளில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரையானுக்குப் பயந்து மாதம் ஒருமுறை பிரித்துப் பார்க்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஸ்கேனின் முதல் பக்கத்தில் பெயர் இருக்கும் இடத்தை ஒரு விரல் மறைத்திருக்கிறது. அதன் கீழே நான் எழுதிய "அன்புடன்" மறையவில்லை. அது பச்சை மையில் இருக்கிறது. அந்தப் பேனா ஆறாவது கையெழுத்தோடு தீர்ந்துபோனது. அந்த ஆறும் அன்பளிப்புப் பிரதிகள். யாரென்று எனக்குத் தெரியும். அவரும் இதைப் படிப்பார்.

அவசரத்தில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார் போலும், 64, 65-ஆம் பக்கங்கள் அதில் இல்லை. வீட்டை விற்க மாட்டேன் என்று கதையில் வரும் கிழவி ஏன் சொல்கிறாள் என்பது அங்கேதான் வருகிறது. நேற்றிலிருந்து மூன்று பேர் அந்த இரண்டு பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மூவருக்கும் புத்தகத்தின் விலையையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அனுப்பினேன். நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.